காய்ச்சியவரே ஊற்றிக் கொடுக்க ஓர் உரிமம் வேண்டும்

மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை அமைச்சர் அவர்களுக்கும், அந்தத் துறையில் விதிகளை எழுதும் அதிகாரிகளுக்கும்,

வணக்கமுங்க. காங்கயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்க்காரன் எழுதுகிறேன். ஒன்பது வருடமாகப் பெங்களூரில் பீர் காய்ச்சுவதுதான் என் தொழில். பெரிய ஃபாக்டரியில் இல்லை. ஒரு ஹோட்டலுக்குள்ளேயே 500 லிட்டர் தொட்டிகளில் காய்ச்சி, பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அங்கேயே குழாயில் பிடித்துக் கொடுக்கிறோம். மைக்ரோ ப்ரூவரி என்பார்கள், ப்ரூபப் என்றும் சொல்வார்கள். சொந்தக்காரர்கள் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் அம்மா "ஃபுட் கம்பெனியில இருக்கான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். அதைச் சொல்லும்போது அவர் முகம் வாடுவதை நான் பார்த்திருக்கிறேன். இந்த மடலை எழுத அதுவும் ஒரு காரணம்.

நான் கேட்பது இதுதான். தமிழ்நாட்டில் ஒருவர் சிறிய அளவில் பீர் காய்ச்சி, காய்ச்சிய இடத்திலேயே விற்பதற்கு ஓர் உரிமம் கொண்டுவாருங்கள். அது நட்சத்திர ஹோட்டல்காரர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடாமல், ஈரோட்டிலோ தாராபுரத்திலோ ஒரு சாதாரண ஆள் பேங்கில் கடன் வாங்கித் தொடங்குகிற மாதிரி இருக்கட்டும். கள்ளையும் அதே விதிக்குள் சேருங்கள்.

சனிக்கிழமை ராத்திரி எங்கள் கடையில் கொங்குத் தமிழ் கேட்காமல் இருக்காது. கோயம்புத்தூரில் பம்பு பட்டறை வைத்திருப்பவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருப்பவர், சேலத்திலிருந்து நான்கு நண்பர்கள் ஒரு காரில், இப்படி வருவார்கள். நான் தமிழ் என்று தெரிந்ததும் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்பார்கள், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன், கடைசியில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "ஏனுங்க, இது நம்மூர்ல வராதுங்களா?" ஒன்பது வருடமாக இதற்கு என்னிடம் ஒரு நல்ல பதில் இல்லை. புனேயில் டூலலி என்ற மைக்ரோ ப்ரூவரி 2009இல் தொடங்கியது, அடுத்த வருடமே பெங்களூர் இந்திராநகரில் டாயிட் என்று இன்னொன்று வந்தது, இன்றைக்குக் குருகிராம், ஹைதராபாத், மும்பை, பக்கத்தில் புதுச்சேரி வரைக்கும் வந்துவிட்டது. டாயிட்டில் பாசுமதி அரிசி போட்டு ஒரு பீர் செய்கிறார்கள், வடக்கே விளையும் அரிசிக்குப் பெங்களூரில் ஒரு மரியாதை கிடைத்திருக்கிறது. அந்த ஊர்ப் பக்குவமெல்லாம் நான் கற்றுக்கொண்டேன், எங்கள் காட்டில் விளைவதை வைத்து எங்கள் ஊரில் காய்ச்ச மட்டும் எனக்கு வழியில்லை.

முதலில் அளவைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் துறையின் பெயரிலேயே மதுவிலக்கு இருக்கிறது. நம் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் 42.8 சதவீதம் ஆல்கஹால். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் கிட்டத்தட்ட 77 மில்லி சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. நான் காய்ச்சும் கோதுமை பீர் 5 சதவீதம், 300 மில்லி டம்ளர் ஒன்றில் 15 மில்லி. அதாவது ஒரு குவார்ட்டரில் இருப்பது வேண்டுமென்றால் ஐந்து டம்ளர் குடிக்க வேண்டும், ஒன்றரை லிட்டர், அதற்கு முன்னால் வயிறு நிறைந்துவிடும். குவார்ட்டர் அப்படியில்லை, பத்து நிமிடத்தில் நின்றபடியே தீர்த்துவிடலாம். என் தாய்மாமன் அப்படித்தான் குடித்தார். வேலை முடிந்து வரும் வழியில் கடையோரம் நின்று, தண்ணீர் பாக்கெட் ஒன்றைக் கடித்து ஊற்றி, ஒரே மூச்சில். 44 வயதில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். அத்தை இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பனியன் கம்பெனியில் பீஸ் வெட்டப் போனார். பீர் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று நான் எங்கேயும் சொல்ல மாட்டேன், ஆல்கஹால் எந்த அளவிலும் மருந்தாகாது. ஆனால் குடிக்கத்தான் போகிறேன் என்று கிளம்பிய ஒரு மனிதருக்கு, அவர் கையில் பணமும் அரைமணி நேரமும் மட்டும் இருக்கிறபோது, நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பது இருப்பதிலேயே கடுமையானதுதான். மாமன் உட்கார்ந்து பேசிக்கொண்டே குடிக்கிற மாதிரி மென்மையான பானம் ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பாரா, என்னால் சொல்ல முடியாது. அப்படி ஒரு வழி அவருக்கு இருக்கவே இல்லை என்பதை மட்டும் சொல்ல முடியும்.

இனி கள். இதைத் தொடாமல் கொங்கு நாட்டில் யாரும் பீரைப் பற்றிப் பேச முடியாது, பேசவும் கூடாது. "தென்னையும் பனையும் வைத்திருக்கிற நாங்கள் கள் இறக்கினால் கேஸ், பெங்களூர்க்காரன் பீர் காய்ச்ச மட்டும் லைசென்ஸா?" என்று எங்கள் ஊர் விவசாயிகள் கேட்பார்கள், கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவோ மீனாட்சிபுரம் வழியாகவோ எல்லையைத் தாண்டினால் கேரளத்தின் சித்தூர் தாலுகா, அங்கே கள் சட்டப்படி இறக்குகிறார்கள், சட்டப்படி விற்கிறார்கள், அங்கிருந்து மற்ற மாவட்டங்களுக்கும் வண்டியில் போகிறது. மண் ஒன்று, மரம் ஒன்று, ஆனைமலைக் காற்றும் ஒன்று. நடுவில் செக்போஸ்ட் மட்டும் இருக்கிறது.

எங்கள் தோப்பில் மரம் ஏறிய பெரியவர் ஒருவர் இருந்தார். பாளையைக் கட்டி, தட்டிப் பதமாக்கி, காலையும் மாலையும் நுனியை மெல்லிசாகச் சீவி முட்டி என்கிற சின்னப் பானையைக் கட்டுவார். முட்டியில் சுண்ணாம்பு தடவினால் தெளுவு, அதாவது பதநீர், தடவாமல் விட்டால் கள். சின்ன வயதில் எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. பிறகு படித்தபோதுதான் புரிந்தது, சுண்ணாம்பு புளிப்பதை அடக்கி வைக்கிறது, இல்லையென்றால் காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட் இறங்கிச் சர்க்கரையைச் சாராயமாக்க ஆரம்பித்துவிடுகிறது. பெங்களூரில் நான் பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்கும் ஈஸ்ட்டும் கள்ளை நுரைக்க வைக்கும் ஈஸ்ட்டும் ஒரே இனம், சாக்கரோமைசிஸ் செரிவிசியே. அந்தப் பெரியவர் முகர்ந்து பார்த்தே இது எத்தனை மணி நேரத்துக் கள் என்று சொல்லிவிடுவார். நான் அதற்குக் கருவி வைத்திருக்கிறேன். அவரை யாரும் தொழில் தெரிந்தவர் என்று சொன்னதில்லை, என்னை ப்ரூமாஸ்டர் என்று சொல்கிறார்கள், இது எனக்கு இன்றும் உறுத்துகிறது. 2017இல் நீரா, அதாவது புளிக்காத பாளைச் சாறு, இறக்க அனுமதி கொடுத்தீர்கள், நல்ல காரியம், ஆனால் நீராவைப் புளிக்காமல் காப்பாற்ற ஐஸ் பெட்டியும் குளிர்பதன வண்டியும் வேண்டும், ஐம்பது மரம் வைத்திருப்பவர் தனியாக அதைச் செய்ய முடியாது. கள்ளுக்கு அந்தச் செலவு இல்லை.

கள்ளில் கலப்படம் நடந்தது என்பதுதான் தடைக்குச் சொல்லப்படும் காரணம். கலப்படம் நடந்தது உண்மைதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை யாரும் மறக்கவில்லை, அதனால் இந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அங்கே கொன்றது மெத்தனால், தொழிற்சாலைச் சரக்கு, யாரோ கொண்டுவந்து கலந்தது. தானியத்தையோ பாளைச் சாற்றையோ புளிக்க வைத்தால் அந்த மாதிரி உயிரைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் வராது. ஆபத்து எங்கே வருகிறது என்றால், சரக்கு எங்கே செய்தது, யார் செய்தது, எத்தனை கை மாறி வந்தது என்பது குடிப்பவருக்குத் தெரியாதபோது வருகிறது. நான் கேட்கும் உரிமத்தின் அடிப்படையே இதுதான்: காய்ச்சுபவரும் விற்பவரும் ஒருவர், இடம் ஒன்று, பெயர் சுவரில் எழுதியிருக்கும், உங்கள் இன்ஸ்பெக்டர் எந்த நாளும் வந்து தொட்டியிலிருந்தே சாம்பிள் எடுக்கலாம். இடைத்தரகர் நுழைய இடம் இருக்காது.

சேலத்தையும் ஈரோட்டையும் மறந்துவிட்டு இதைக் கேட்கவில்லை. 1921இல் கள்ளுக்கடை மறியலுக்கு ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் தெருவில் இறங்கினார்கள். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக வந்ததும் எங்கள் பக்கம்தான், 1937 அக்டோபர் 1, அன்றைய சேலம் மாவட்டம். நாமக்கல்லும் தருமபுரியும் அப்போது அதற்குள்தான். அந்தப் பெண்கள் எதற்காக நின்றார்களோ அதே காரணத்துக்காகத்தான் இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் கடையை மூடச் சொல்லி ரோட்டில் உட்காருகிறார்கள், என் அத்தையும் ஒரு முறை உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் பக்கம் நின்றுதான் பேசுகிறேன். 2003இலிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில்தான் இருக்கிறது. தெருவுக்குத் தெரு கடை, கடைக்குள் பிராந்தி, இதை மாற்ற வேண்டும் என்றால் எண்ணிக்கையைக் குறைப்பதோடு, உள்ளே இருப்பதன் கடுமையையும் குறைக்க வேண்டும். புதிதாகத் தரும் உரிமம் ஒவ்வொன்றுக்கும் அந்த வட்டாரத்தில் ஒரு கடையை மூடுங்கள், எனக்குச் சம்மதம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். சோளம்.

பெங்களூரில் நான் பயன்படுத்தும் பார்லி மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, ராஜஸ்தான், ஹரியானா பக்கமிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வருகிறது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ கப்பலில் வருகிறது. எங்கள் காங்கயம், பல்லடம், தாராபுரம் மேட்டாங்காடுகளில் மழையை நம்பி விளைவது சோளமும் கம்பும். அதிலும் சோளத்தை இன்றைக்குப் பெரும்பாலும் மாட்டுத் தீவனமாகும் தட்டுக்காகத்தான் விதைக்கிறார்கள், மாட்டுக்குப் போக மீதி தானியத்துக்கு விலை கிடையாது. சோளத்தில் பீர் வருமா என்று கேட்பீர்கள். வரும். ஆப்பிரிக்காவில் காலங்காலமாகச் செய்கிறார்கள், நைஜீரிய அரசு 1988இல் பார்லி மால்ட் இறக்குமதியைத் தடை செய்தபோது அங்கிருந்த பெரிய கம்பெனிகளே சோளத்துக்கு மாறின.

ஆனால் சோளம் சுலபமான சரக்கு இல்லை, நான் அறையில் சின்ன அளவில் முளைகட்டிப் பார்த்துப் பார்த்துத்தான் அதன் குணம் பிடிபட்டது. சோளத்தின் முளையில் சயனைடு உண்டாக்கும் ஒரு பொருள் இருக்கிறது. எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும், வேதியியல் பெயர் தெரியாதே தவிர, வாடின இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு விழுந்துவிடும் என்று ஆடு மேய்க்கும் பிள்ளை கூடச் சொல்லும். அதனால் முளைகட்டிக் காயவைத்த பிறகு முளையையும் வேரையும் தேய்த்துப் புடைத்து எடுத்துவிட வேண்டும். அடுத்தது, மாவு. பார்லி மாவுச்சத்து 65 டிகிரி சூட்டில் நன்றாகக் கரைந்து சர்க்கரையாகிவிடும். சோளம் வேகவே அதைவிட அதிகச் சூடு கேட்கும், அந்தச் சூட்டில் மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் செத்துவிடும். அதனால் சோளத்தைத் தனியாகக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவிட்டு, அப்புறம் முளைகட்டிய ராகியையோ பார்லியையோ சேர்க்க வேண்டும். ராகி முளையில் அந்த நொதி நிறைய இருக்கிறது, குழந்தைக்கு முளைகட்டின ராகி மாவில் கூழ் காய்ச்சினால் அது தண்ணியாக இளகுவதும் லேசாக இனிப்பதும் அதனால்தான், இது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இன்னொரு சிக்கல், பார்லியில் உமி இருக்கிறது, அதுவே வடிகட்டியாக வேலை செய்யும். சோளத்தில் உமி இல்லை, வடிக்கும்போது களி மாதிரி அடைத்துக்கொள்ளும். நெல் உமி கலந்தால் சரியாகிவிடும். காங்கயத்தில் ரைஸ்மில்லுக்கா பஞ்சம்?

எதற்கு இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், இந்தத் தொழிலுக்கு வேண்டியதில் பெரும்பாலானவை எங்கள் கொங்கு நாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி அடிக்க, பம்பு மாட்டக் கோயம்புத்தூரில் ஆள் இருக்கிறது, கிரைண்டருக்கே புவிசார் குறியீடு வாங்கிய ஊர் அது. ஏற்காட்டுக் காபிக்கொட்டையும் பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் ஊடுபயிராக விளையும் கோகோவும் போட்டு ஒரு கறுப்பு பீர் காய்ச்ச வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. பெல்ஜியத்துக்காரர்கள் கோதுமை பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள், ஏற்காட்டு ஆரஞ்சு அதற்கு நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, சிறுவாணித் தண்ணீர், சொல்லிக்கொண்டே போகலாம்.

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு லிட்டர் பீருக்கு ஐந்திலிருந்து எட்டு லிட்டர் தண்ணீர் வரை செலவாகிறது, தொட்டி கழுவுவதற்கே பாதி போகும். கழிவுநீரை அப்படியே விட்டால் நாறும், குளத்தில் மீன் சாகும். நொய்யல் கரையில் சாயத்தண்ணியால் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தோட்டங்கள் என்ன ஆயின என்று பார்த்து வளர்ந்தவன் நான், என் பெரியம்மா வீட்டுக் கிணறும் அதில் ஒன்று. 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலைக்கு வந்தது. அந்தத் தவறு இன்னொரு தடவை நடக்க வேண்டாம். கழிவைச் சுத்திகரித்துக் காட்டாதவருக்கு முதல் நாளிலிருந்தே உரிமம் கொடுக்காதீர்கள், இதில் எனக்குக் கூட விட்டுக்கொடுக்க வேண்டாம். தானியச் சக்கை விஷயத்தில் கவலை இல்லை: 500 லிட்டர் காய்ச்சினால் சுமார் 100 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும், புரதம் நிறைந்தது, நம் வெயிலுக்கு இரண்டு நாளுக்குமேல் தாங்காது, ஆனால் எங்கள் பக்கம் மாடு இல்லாத தோட்டம் இல்லை, அன்றைக்கே போய்விடும்.

கடைசியாக, உரிமம் யாருக்கு என்பது. போன வருடம் ஊருக்கு வந்தபோது சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். மூன்று மேசை மாறினேன். கடைசி மேசையில் இருந்தவர் நான் சொல்ல வந்ததைக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் பெரிய ஆளுங்க சமாச்சாரம் தம்பி, ஸ்டார் ஹோட்டல் இருக்குதா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, எனக்கு நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். அது எனக்கு வலித்தது. பெங்களூரிலும் இந்தத் தொழில் பணக்காரர்களின் கையில்தான் இருக்கிறது, ஒரு டம்ளர் விலை கட்டட வேலைக்குப் போகிறவரின் அரைநாள் கூலி, அந்தத் தவறையும் சேர்த்து இங்கே இறக்கிவிடாதீர்கள். பல ஆயிரம் சதுர அடி, பல லட்சம் கட்டணம் என்று விதி எழுதினால் கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் நான்கு பளபளப்பான கடை வரும், மேட்டாங்காட்டுச் சோளத்துக்கு அதனால் ஒரு ரூபாய் கூட விலை ஏறாது. ஒரு நாளைக்கு 500 லிட்டருக்கு மேல் கூடாது, 6 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் கூடாது, 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்குக் கொடுத்தால் உரிமம் ரத்து, பாட்டிலில் அடைத்து வெளியே விற்கக்கூடாது, தானியத்தில் பாதியாவது தமிழ்நாட்டு விவசாயியிடம் நேராக வாங்கியதற்கு ரசீது காட்ட வேண்டும், இப்படி எழுதுங்கள். கட்டணத்தை அளவுக்கு ஏற்ற மாதிரி வையுங்கள். கள் இறக்குபவருக்கு மரத்துக்கு இவ்வளவு என்று வையுங்கள்.

பெங்களூர் பக்கம் அலுவலாக வந்தால் எங்கள் இடத்துக்கு வாருங்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தண்ணீர் சுட வைப்போம், சாயங்காலம் நான்கு மணிக்கு ஈஸ்ட் போடுவோம், முழு நாளும் கூட நின்று பாருங்கள், எது வேண்டுமானாலும் கேளுங்கள். குடிக்கச் சொல்ல மாட்டேன்.

அப்பா இந்த வருடம் மேற்குக் காட்டில் சோளம் போட்டிருக்கிறார். தட்டைப் போருக்கு எடுத்துக்கொண்டு தானியத்தில் இரண்டு மூட்டை எனக்கு வைக்கச் சொன்னேன். "எதுக்கு சாமி?" என்றார். எதற்கென்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம், "சரி, வண்டு விழாம வேப்பந்தழை போட்டு வெக்கறேன்" என்றார்.

இப்படிக்கு,
காங்கயம் பக்கத்திலிருந்து பெங்களூர் போன ஒரு பீர் காய்ச்சுபவன்